மாணவர் அமைப்புகளில் திருநர் பிள்ளைகள்: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

என்.சி.சி. (தேசிய மாணவர் படை), சாரண சாரணியர், ஜே.ஆர்.சி. (இளையோர் செஞ்சிலுவைச் சங்கம்) படிவங்கள் வகுப்பாசிரியர்களிடம் வந்துவிட்டன. திருநங்கையாகவோ திருநம்பியாகவோ (பிறப்பில் பெண் என்று பதிவாகி, ஆணாக உணர்பவர்) தன்னை உணரும் பிள்ளையை எதில் சேர்ப்பீர்கள், முகாமில் எங்கே தங்கவைப்பீர்கள் என்று பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இரு தரப்பிலும் சூடாகவே கேட்டீர்கள். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என்.சி.சி.யில் சிக்கல் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆண் மாணவர், பெண் மாணவர் என்று இருவரைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. 2021 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம், ஒரு திருநங்கை மாணவியைத் தேர்வில் கலந்துகொள்ள அனுமதிக்கச் சொன்னது. 2019-ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமையைப் பழைய சட்டத்தைக் காட்டி மறுக்க முடியாது என்றது. 2025-இல் அதே நீதிமன்றம் ஒரு திருநம்பியின் மனுவைத் தள்ளுபடி செய்து, சட்டத்தைத் திருத்துவது அரசின் பொறுப்பு என்றது. எனவே இடம் நிச்சயம் என்று எந்தப் பெற்றோருக்கும் நான் வாக்குக் கொடுக்க முடியாது. சேர்ப்பது என்.சி.சி.யின் பட்டாலியன் அலுவலகம், பள்ளி அல்ல. விண்ணப்பத்தை எங்கள் பரிந்துரையோடு அனுப்புவோம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குவோம்.

என்.சி.சி.யில் பள்ளிப் பிள்ளைகள் பெறும் 'ஏ' சான்றிதழுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி தேவை. எட்டாம் வகுப்பில் "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொன்னால், அந்தப் பிள்ளைக்கு அதுவே மறுப்புதான். அதனால் அதே வாரத்தில் ஜே.ஆர்.சி.யில் பெயர் சேர்த்துவிடுவோம். மேல்நிலை வகுப்பு என்றால் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்). இரண்டிலும் ஆண் பிரிவு, பெண் பிரிவு என்று தனித்தனியாகக் கிடையாது.

படிவம் திரும்பி வருவது பெரும்பாலும் ஆவணங்கள் ஒத்துப்போகாததால்தான். ஆதாரில் ஒரு பெயர், எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் வேறு பெயர் என்றிருந்தால் அங்கேயே நின்றுவிடும். மாவட்ட ஆட்சியர் தரும் திருநர் அடையாளச் சான்றிதழுக்கு, 18 வயது நிரம்பாத பிள்ளைக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோதான் விண்ணப்பிக்க வேண்டும். அதை எடுத்தே தீர வேண்டும் என்று பள்ளி யாரையும் வற்புறுத்தாது.

இனி முகாம். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதை வெறுப்பு என்று ஒதுக்க மாட்டேன். எல்லாக் கழிப்பறைக்கும் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முகாமுக்கு முந்தைய நாளே இரண்டு ஆசிரியர்கள் பார்த்துவிடுவார்கள். குளியல் ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்குப் பத்து நிமிடம். உடை மாற்றவோ படுக்கவோ தனியிடம் வேண்டும் என்று எந்தப் பிள்ளை கேட்டாலும், ஏன் என்று கேட்காமல் கொடுப்போம். மாதவிடாய் நாளில் இருப்பவள், தோலில் தழும்பு உள்ளவன், படுக்கையை நனைக்கும் பிள்ளை எல்லோருக்கும் அது உதவும். ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியறை என்று வைத்தால், அந்தக் கதவே அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மையில் பிள்ளைகள் உடைந்துபோவது முகாமில் அல்ல, சீருடைக்கு அளவெடுக்கும் அன்றுதான். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. தையற்காரர் மார்பளவைச் சத்தமாகச் சொல்ல, ஒருவர் நோட்டில் குறிக்கிறார். எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாத பிள்ளை அன்றைக்கு விடுப்பு எடுக்கிறது. அதோடு அமைப்பையும் விட்டுவிடுகிறது. இந்த ஆண்டு அளவை வீட்டிலேயே எடுத்து, மூடிய உறையில் கொடுத்தனுப்புங்கள்.

அந்தப் பிள்ளை யார் என்று ஆசிரியர்களிடம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள். முகாம் படங்களை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம். உங்கள் பிள்ளையே உங்களிடம் மனம் திறந்தால், அடித்துத் திருத்தப் பார்க்காமல் பள்ளிக்கு வாருங்கள். 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) ஆகியவற்றிலும் பேசலாம்.

படிவமும் அளவு உறையும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர வேண்டும். தனியாகப் பேச விரும்புவோர் மாலை 4.30-க்கு மேல் என் அறைக்கு வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்