கொரோலா 110 காரின் பெல்ட் சத்தம்: காரணத்தைப் பார்க்காமல் செய்த வேலை தொடர்பான முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
16.06.2025

சேவைப் பிரிவு முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

என்னுடையது 1998 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் பக்கமிருந்து கீச்சென்று ஒரு சத்தம் எழும். இரவு மழை பெய்திருந்தால் இன்னும் மோசம். ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். இதற்குக் காரணம் கண்டுபிடித்துத் திருத்தத்தான் உங்கள் நிலையத்திடம் காரை ஒப்படைத்தேன்.

முதலில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ரப்பர் பெல்டை மாற்றினார்கள். பழையது தேய்ந்து மினுங்கிப் போய்விட்டது என்றார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கழற்றிய பெல்டைப் பார்க்கக் கேட்டபோது எறிந்தாயிற்று என்று பதில் வந்தது. பற்றுச்சீட்டில் 'பெல்ட்' என்று மட்டும் இருக்கிறது. என்ன கம்பனி, என்ன இலக்கம் என்று எதுவும் இல்லை.

சில நாட்களில் சத்தம் திரும்பியது. மறுபடி கொண்டுவந்தபோது பெல்டில் ஒரு ஸ்ப்ரே அடித்து, அதற்கும் தனியாகப் பணம் எடுத்தார்கள். அந்த ஸ்ப்ரே பெல்டைப் பிசுபிசுப்பாக்கி வழுக்கலைக் கொஞ்ச நேரம் மறைக்கும், பிறகு தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். பெல்ட் தயாரிக்கும் கம்பனிகளே வேண்டாம் என்று சொல்லும் வேலை அது. அதுவும் பலிக்காமல் போனதும், பெல்டால் சுற்றி மின்சாரம் உண்டாக்கும் அல்டர்னேட்டரை வெளியே தள்ளி பெல்டை இறுக்கிவிட்டார்கள். பெருவிரலால் அழுத்தினால் அசையவே அசையாத அளவுக்கு இறுக்கம். சத்தம் நின்றது. "இனிப் பிரச்சினை இல்லை" என்று அனுப்பிவைத்தார்கள்.

அம்மாவை தேசிய வைத்தியசாலை கிளினிக்கிலிருந்து கூட்டி வரும்போது, பம்பலப்பிட்டி வாகன நெரிசலில் வெப்பமானி முள் மேலே ஏறியது. பொனட்டைத் திறந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தைச் சுற்றவிடும் வோட்டர் பம்பிலிருந்து அந்தத் திரவம், அதாவது கூலன்ட், ஒழுகிக்கொண்டிருந்தது. எழுபது வயது கடந்த, சுகமில்லாத ஒருவரை வெயிலில் வீதியோரம் நிறுத்தி வைக்க வேண்டி வந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அருகிலிருந்த சிறிய கராஜ் ஒன்றின் பாஸ் செய்ததை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் ஆட்கள் முதல் நாளே செய்திருக்க வேண்டியது அதுதான். பெல்டைக் கழற்றி, அது ஓடும் சக்கரங்களான புலிகள் (pulley) ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பார்த்தார். அல்டர்னேட்டர் சுத்தமாகச் சுழன்றது. வோட்டர் பம்ப் புலி ஆடியது, பேரிங் கரகரத்தது. பிறகு டோர்ச் அடித்து மேலே பார்த்தார். பவர் ஸ்டியரிங் ஹோஸ் பூட்டும் இடத்தில் ஒயில் கசிந்து, பெல்டின் வரிகளில் இறங்கியிருந்தது. பெல்ட் வழுக்கியது அதனால்தான். ஒயில் இறங்கிக்கொண்டிருக்கும்வரை எத்தனை புதுப் பெல்ட் போட்டாலும் அது கத்தத்தான் செய்யும்.

எஞ்சின் ஓடும்போது பெல்டின் வரிகளில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த சோதனை. சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. ஒரு கணம் அடங்கி மீண்டும் வந்தால் புலிகள் ஒரே கோட்டில் இல்லை. உங்கள் நிலையத்தில் இதைக்கூட யாரும் செய்யவில்லை.

27 வருடக் காரின் வோட்டர் பம்ப் என்றோ ஒரு நாள் போகத்தானே வேண்டும் என்று நீங்கள் சொல்லக்கூடும். இந்த எஞ்சினில் அல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் வோட்டர் பம்பையும் சுற்றுகிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் அந்தச் சுமை நேராக இரண்டின் பேரிங்குகளிலும் விழும். உங்கள் முதல் பரிசோதனைத் தாளிலேயே 'கூலன்ட் கசிவு இல்லை' என்று எழுதியிருக்கிறது. கசிவு தொடங்கியது நீங்கள் இறுக்கிய பிறகு.

எல்லாவற்றையும் விட எனக்கு நொந்தது உங்கள் கவுன்டரில் கேட்ட வார்த்தை: "பழைய கார்தானே, இப்படித்தான் இருக்கும்." 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய நாடு இது. தனியார் கார்களுக்கு இந்த வருடம் பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது, அந்த விலைகள் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. பழைய காரைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறவர்கள்தான் உங்கள் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் கொடுப்பதும் முழுப் பணம்தான்.

ஆகவே, ஸ்ப்ரேக்கும் இரண்டு தடவை எடுத்த கூலிக்குமான பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வோட்டர் பம்ப் மாற்றிய செலவையும், ஒயிலில் ஊறிப் பழுதான புதுப் பெல்டின் விலையையும் ஏற்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் வாங்கிய பாகங்களின் பற்றுச்சீட்டுகளையும், உங்கள் பரிசோதனைத் தாளின் பிரதியையும், பெல்டில் ஒயில் இருப்பதைக் காட்டும் படங்களையும் இணைத்திருக்கிறேன். கழற்றிய பம்பும் பெல்டும் என்னிடம் இருக்கின்றன. உங்கள் பொறியியலாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, பணம் வாங்கிச் செய்யும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் இதே ஆவணங்களுடன் அதிகாரசபையில் முறைப்பாடு செய்வேன்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்
(கையொப்பம்)