பில்லில் வேகத்தையும் எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருத்தணியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, எல்லை தாண்டினால் ஆந்திராவின் நகரி, ஏகாம்பரகுப்பம் என்று விசைத்தறி ஓடும் ஊர்களிலிருந்து நிறைய வேலை வருகிறது. பழைய கணினி விற்கும் சிலர், புராசஸரையும் மெமரியையும் (ரேம்) ஓவர்கிளாக் செய்து, அதாவது கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஏற்றி, அதை வாங்குபவரிடம் சொல்லாமலே விற்கிறார்கள். இந்த வழக்கம் நிற்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஓவர்கிளாக் செய்வதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ புராசஸரின் பஸ் வேகத்தை, அதாவது மற்ற பாகங்களோடு அது தகவல் பரிமாறும் பாதையின் வேகத்தை, 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 ஆக்கினால், 300-இல் ஓட வேண்டியது 450-இல் ஓடியது. பல மடங்கு விலை கொடுத்து பென்டியம் வாங்கியவர்கள் அன்று திகைத்துத்தான் போனார்கள். இன்றும் ‘கே’ என்ற எழுத்தோடு வரும் இன்டெல் புராசஸர்களும், ஏஎம்டி ரைசன் வகையில் பெரும்பாலானவையும் வேகத்தை ஏற்றிக்கொள்ள வழிவிட்டே விற்கப்படுகின்றன. விவரம் தெரிந்தவர் தம் சொந்தக் கணினியில், தம் பொறுப்பில் செய்தால் அது நல்ல கைவேலை. அதை அடுத்தவர் தலையில் சத்தமில்லாமல் கட்டுவதுதான் தவறு.

நகரியில் தறி வைத்திருக்கும் ஒருவர், நூல் வரவும் கூலிக் கணக்கும் பார்க்க நகரத்துக் கடை ஒன்றில் பழைய கணினி வாங்கினார். அடிக்கடி நின்றுபோகிறது, பேக்கப் எடுத்த கோப்பு திறக்கவில்லை என்று கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்தால் ஃபேனுக்கும், புராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் என்ற உலோகத் தகட்டுக்கும் நடுவே பஞ்சுத்தூசு கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. விரலால் பற்றி இழுத்ததும் ஒரே விரிப்பாகக் கையோடு வந்தது. சுத்தம் செய்து, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவிய பிறகும் கோளாறு போகவில்லை. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸைப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. புராசஸரை 1.4 வோல்ட்டில், எல்லா கோர்களையும் (அதன் உள்ளே கணக்கிடும் பகுதிகள்) 5 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தியிருந்தார்கள். வேகம் 3000 என்று ஸ்டிக்கர் ஒட்டிய மெமரி 3600-இல் ஓடிக்கொண்டிருந்தது. மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் திரை நெடுகப் பிழைகளைக் காட்டும் சிவப்பு வரிகள். வேகத்தை ஸ்டிக்கரில் உள்ளபடி குறைத்ததும் ஒரு பிழைகூட இல்லை.

அந்தச் சிவப்பு வரிகள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. கணினி நின்றுபோனால் கடைக்கு எடுத்து வருவார்கள். மெமரியில் ஒரே ஒரு பிட் மாறி, மாறியபடியே கோப்பில் பதிந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? சர்வர்களில் இருக்கும் பிழைதிருத்தும் மெமரி வீட்டுக் கணினிகளில் வழக்கமாக இருப்பதில்லை. அவருடைய பேக்கப் கோப்புகளில் சிலவற்றை என்னால் மீட்டுத் தரவே முடியவில்லை.

வெயில் காலத்தில் இது இன்னும் மோசம். புராசஸரின் வெப்பம் வேகத்தோடு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு (வோல்டேஜை அதனாலேயே பெருக்கிய அளவு) ஏற்பவும் ஏறும். 1.2 வோல்ட்டை 1.4 ஆக்கினால் அதனால் மட்டுமே வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். ஏசி அறையில் 25 டிகிரியில் சோதித்ததை, 40 டிகிரி கொதிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வைத்தால் அந்த 15 டிகிரியும் அப்படியே சில்லின் மேல் ஏறும். 100 டிகிரியை நெருங்கியதும் இன்டெல் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றிய வேகம் போய், சூடு மட்டும்தான் மிச்சம்.

அதிக வோல்டேஜ் செய்யும் சேதம் திரும்பச் சரியாவதில்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்கள் சில, தேவைக்கு மேற்பட்ட வோல்டேஜால் தேய்ந்து கோளாறு ஆனதை 2024-இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. திருத்தம் வெளியிட்டதோடு, வாரண்டியை 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்ததை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கோ இன்டெல், ஏஎம்டி இருவருமே பொதுவாக வாரண்டி தருவதில்லை.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. 3200 என்று காசு கொடுத்து வாங்கிய டிடிஆர்4 மெமரி, ஸ்டிக்கரில் போட்ட வேகத்தில் மெமரியை ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் இயக்காததால் 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருப்பதைப் புதிய கணினிகளிலும் பார்க்கிறேன். அப்படிப்பட்டவற்றில் நானே அதை இயக்கி, சோதித்த பிறகுதான் கொடுக்கிறேன். சரியாகச் செய்தால் பயன் உண்டு.

எல்லையின் இருபுறமும் உள்ள வியாபாரிகளை நான் கேட்பது இதுதான்: புராசஸரும் மெமரியும் எந்த வேகத்தில் ஓடுகின்றன, வோல்டேஜை மாற்றியிருக்கிறீர்களா என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். நகரிப் பக்கம் தெலுங்கில் எழுதினாலும் சரி. வாங்குபவர்கள் காசு கொடுக்கும் முன் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லி, அதில் காட்டும் மெமரி வேகத்தை ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடியிருந்தால், பயாஸை ஆரம்ப நிலைக்கு மாற்றித் தரும்படி அங்கேயே கேளுங்கள். சில நிமிட வேலைதான்.

கணினி பழுதுநீக்குநர்,
திருத்தணி.