ஒரு நாள் பாக்கி வைத்து வெளியேறிய வடகொரியா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகொரியாவின் அணு ஆயுதங்கள் பற்றிய தங்கள் தலையங்கம், கிம் ஜாங் உன்னைப் பித்துப் பிடித்தவர் என்று சொல்லி முடித்துக்கொண்டது. அப்படிச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்கிற வேலை மிச்சம். ஆனால் பியோங்யாங் செய்ததையெல்லாம் தேதிவாரியாக எடுத்துப் பார்த்தால் பித்து எதுவும் தெரியவில்லை. சட்டத்தின் சந்துபொந்துகளை அறிந்த வக்கீலின் நிதானம்தான் தெரிகிறது.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் வடகொரியா 1985-ல் சேர்ந்தது. அதன் யோங்பியோன் அணு மையத்தில் 5 மெகாவாட் அணு உலை 1986-ல் ஓடத் தொடங்கியது. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வுக்கு வழிவிடும் உடன்பாடு அமலுக்கு வந்ததோ 1992-ல்தான். ‘1990-ல் ஒரே ஒரு முறை, அணுகுண்டுக்கு உதவும் புளூட்டோனியத்தைச் சுமார் 90 கிராம் பிரித்தோம்’ என்று அப்போது கணக்குக் காட்டினார்கள். ஆய்வாளர்கள் அந்த வேலை நடந்த பெட்டிகளின் உட்புறத்தைத் துடைத்து மாதிரி எடுத்துப் போனார்கள். பிரித்தெடுத்த புளூட்டோனியத்தில் நாளாக நாளாக அமெரிசியம் என்ற இன்னொரு தனிமம் சேரும்; அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு எப்போது பிரித்தார்கள் என்று சொல்லிவிடலாம். 1989, 1990, 1991 என்று மூன்று காலம் வந்தது. பொய் அம்பலமானது. கழிவுகளைப் பதுக்கியதாகச் சந்தேகிக்கப்பட்ட இரண்டு இடங்களைத் திறந்து காட்டுங்கள் என்று முகமை கேட்டதும், 1993 மார்ச் 12 அன்று ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள்.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஒப்பந்தத்தின் பத்தாவது பிரிவின்படி, மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்த நாடும் விலகலாம். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, ஜூன் 11 அன்று, விலகலை நிறுத்திவைப்பதாகச் சொன்னார்கள். 1994-ல் அமெரிக்காவுடன் உடன்பாடு ஏற்பட்டது: ஆண்டுக்கு 5 லட்சம் டன் எரிஎண்ணெய், மின்சாரத்துக்கு இரண்டு மென்னீர் அணு உலைகள், பதிலுக்கு யோங்பியோன் மூடப்படும். அது 2002-ல் முறிந்தது. 2003 ஜனவரி 10 அன்று, ‘பழைய முன்னறிவிப்பில் ஒரு நாள்தானே பாக்கி, நாளையோடு வெளியேறுகிறோம்’ என்றது வடகொரியா. பத்தாண்டு கழித்து எடுத்து நீட்டிய அந்த ஒரு நாள் வாதம் செல்லுமா என்பதற்கு இன்றுவரை உருப்படியான பதில் இல்லை. கண்காணிப்பில் இருந்த உலையில் பயன்படுத்திய சுமார் 8,000 எரிகோல்கள், புளூட்டோனியம் பிரிக்கும் மறுசுத்திகரிப்புக்குப் போயின. 2006 அக்டோபர் 9 அன்று முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தது. வடகொரியா மீது தடை விதித்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1718-ம் தீர்மானம் அதற்கு ஐந்து நாள் கழித்து வந்தது.

எதற்கு இவ்வளவு பாடு? லிபியாவைப் பாருங்கள். 2003 டிசம்பரில் அதன் தலைவர் கடாபி தம் அணுத் திட்டத்தைக் கைவிட்டார். 2011-ல் நேட்டோ விமானங்கள் வந்தன. அக்டோபர் 20 அன்று அவர் கொல்லப்பட்டார். அந்த மார்ச் மாதமே, ஆயுதத்தைக் களையச் சொன்னது படையெடுப்புக்கான தந்திரம் என்று வடகொரிய வெளியுறவு அமைச்சகம் வெளிப்படையாகச் சொன்னது. மக்களாட்சி நாடுகள் மட்டும் குண்டு செய்யவில்லையா என்று கேட்பார்கள். செய்தன, நாமும் செய்தோம். ஆனால் 1990-களில் லட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் மடிந்தபோதும் இந்தத் திட்டத்துக்கு என்ன செலவு என்று கேட்க அங்கே நாடாளுமன்றமும் இல்லை, பத்திரிகையும் இல்லை.

கணக்குப் போட்டு நடப்பவர் என்றால் ஆபத்து இல்லை என்று பொருளல்ல. 2022 செப்டம்பரில் பியோங்யாங் நிறைவேற்றிய சட்டம், அணு ஆயுதக் கட்டளை அமைப்பு தாக்குதலால் ஆபத்துக்கு உள்ளானால் பதிலடி ‘தானாகவும் உடனடியாகவும்’ நடக்கும் என்கிறது. போர் மூண்டால் வடகொரியத் தலைமையையும் குறிவைப்போம் என்று தென்கொரியத் தலைநகர் சோலும் மறைக்காமல் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பதற்றமான ஒரு நாளில் தொலைத்தொடர்பு பழுதானாலே, தலைமை தாக்கப்பட்டுவிட்டது என்று கீழே இருப்பவர் முடிவுகட்டலாம். 2023 ஏப்ரலில் வடகொரியா சோதித்த ஹுவாசாங்-18 ஏவுகணை திட எரிபொருளில் இயங்குவது. ஏவுமுன் எரிபொருள் நிரப்பும் நேரம் அதற்குத் தேவையில்லை. எதிர்த்தரப்பு யோசிக்கும் அவகாசமும் அந்த அளவுக்குக் குறைகிறது. அதே மாதம் தென்கொரியாவுடனான நேரடித் தொலைபேசிக்குப் பதில் சொல்வதையும் வடக்கு நிறுத்திவிட்டது. 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருவதாகத் தவறாகப் போன எச்சரிக்கையைத் திருத்த 38 நிமிடம் ஆனது. சோலிலிருந்து எல்லைக் கோடு சுமார் 50 கிலோமீட்டர்தான். அங்கே அத்தனை நிமிடம் யாருக்கும் கிடைக்காது.

தடைகளை இறுக்க வேண்டும் என்கிறீர்கள். தடை மீறல்களைக் கப்பல் கப்பலாகக் கணக்கெடுத்து எழுதிய ஐ.நா. நிபுணர் குழு, 2024 மார்ச் 28-ல் ரஷ்யா போட்ட வீட்டோவால் அடுத்த மாதமே கலைந்துவிட்டது. ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய் பெட்ரோலியப் பொருள் என்ற வரம்பு காகிதத்தில் இருக்கிறது. 11 நாடுகள் சேர்ந்து ஒரு மாற்றுக் குழு அமைத்திருக்கின்றன, ஆனால் அதற்கு ஐ.நா. முத்திரை கிடையாது.

பத்தாவது பிரிவைத் திருத்துவது நடக்கிற காரியமில்லை. 2015, 2022 மறுஆய்வு மாநாடுகள் ஓர் இறுதி அறிக்கைக்குக்கூட ஒத்துப்போகவில்லை. ஆனால், ஒப்பந்தத்தை விட்டு வெளியேறும் நாடு, உறுப்பினராக இருந்தபோது வாங்கிய அணுப் பொருளையும் கருவிகளையும் திருப்பித் தர வேண்டும் என்று விற்கும் நாடுகள் நிபந்தனை போடலாம். பாதுகாப்பு அவையின் 1887-ம் தீர்மானம் 2009-லேயே இதை ஊக்குவித்தது, கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த தலையங்கம் அதைக் கட்டாயமாக்கச் சொல்லி இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி