முதல் எழுநூறு மீட்டர்: செயலாளர் ஆண்டறிக்கை 2025-26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமைக் காலைத் தூக்கத்தைத் துறந்து வந்திருக்கும் பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் திருவொற்றியூர்க் குடியிருப்போர் சங்கத்தின் வழக்கமான செய்திகளை முதலிலேயே முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும் என்பது நம் விதி. ஒன்பது முறைதான் கூடியது. விடுபட்ட மூன்றில் இரண்டு மழையால், ஒன்று என் மறதியால். நம்மை விட்டுப் பிரிந்த இரண்டு மூத்த உறுப்பினர்களுக்காகச் சற்று முன் எழுந்து நின்றோம். கொசு மருந்து, தெருவிளக்கு, குடிநீர் பற்றி எழுதிய மனுக்களின் நகல்கள் கோப்பில் இருக்கின்றன. விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம். பொங்கல் விழாவில் உறியடி நடந்தது. பானை உடைந்தது, யார் தலையும் உடையவில்லை.

மீதி அறிக்கை முழுவதும் போக்குவரத்துதான். காரணம் சொல்கிறேன்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் மூன்றாவது தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மா எழுந்து, "மெட்ரோ ரயில் நம் ஊருக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பார்த்திருக்கிறேன், ஏறியதில்லை. நிலையம் வரை என்னை யார் கொண்டுபோய் விடுவது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்குப் போய் யோசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான ஒன்பது கிலோமீட்டர் பாதை 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. திருவொற்றியூர்க்காரர் ரயில் மாறாமல் விமான நிலையம் வரை போய்விடலாம். அந்த அம்மாவுக்குச் சிக்கல் அந்த முப்பது கிலோமீட்டரில் இல்லை. வாசற்படியிலிருந்து காலடிப்பேட்டை நிலையத்தின் மின்தூக்கி வரை இருக்கும் ஏறத்தாழ எழுநூறு மீட்டரில் இருக்கிறது.

காலடிப்பேட்டை என்ற பெயருக்கும் காலடிக்கும் தொடர்பில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை இது. காலட் பேட்டை நம் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. பெயரிலாவது காலடி இருக்கிறது. நடைபாதையில் அதை வைக்க இடமில்லை.

ஆகவே ஜூலை மாதம் ஒரு காலையில் போக்குவரத்துத் துணைக்குழுவினர் ஏழு பேர் அளவு நாடாவும் ஒரு வாளிச் சுண்ணாம்புத் தூளும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் நெறிமுறை சொல்கிறது. ஆறடிக்குச் சற்றுக் குறைவு. சக்கர நாற்காலியும் எதிரே வருபவரும் ஒருவரையொருவர் கடக்கும் அளவு. அந்த அகலம் குறையும் இடத்திலெல்லாம் சுண்ணாம்பால் வட்டம் போடுவது என்பது திட்டம். பில்லர் பாக்ஸ் என்னும் தெருவோர மின்பெட்டி, பாதி உடைந்த மேன்ஹோல் மூடி, யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டட இடிபாடு, எதற்காக நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாத இரும்புக் கம்பம் என்று வட்டங்கள் பெருகின.

முதல் வட்டம் எங்கே விழுந்தது என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். என் வீட்டு வாசலில். ஸ்கூட்டரை உள்ளே ஏற்றுவதற்காகப் பத்தாண்டுகளுக்கு முன் நான் கட்டிய சாய்தளம் நடைபாதையில் இரண்டரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. நாடாவைப் பிடித்திருந்த கல்லூரி மாணவர் என் முகத்தைப் பார்த்தார். போடு தம்பி என்றேன். மறு வாரம் கொத்தனாரை வைத்து இடித்துவிட்டேன். என் மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதன் பிறகு நம் தெருக்களில் மேலும் நான்கு வீட்டுக்காரர்கள் தங்கள் சாய்தளங்களைத் தாங்களாகவே உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி. இழுக்காதவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தள்ளுவண்டிக் கடைகளைப் பற்றி உறுப்பினர்களிடையே காரசாரமான வாதம் நடந்தது. அவற்றை அகற்றக் கோர வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். என் கருத்து வேறு. செயற்குழுவும் அதையே ஏற்றது. இரவு பத்து மணிக்கு இட்லிக் கடை விளக்கு எரிவதால்தான் வேலை முடிந்து திரும்பும் பெண்கள் அந்த வழியாக வருகிறார்கள். தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014இல் ஒரு மத்தியச் சட்டமே வந்திருக்கிறது. அவர்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பதுதான் முறை. நாங்கள் போட்ட வட்டங்களில் பாதிக்கு மேல் தள்ளுவண்டிகளைச் சுற்றி விழவில்லை, நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள்களைச் சுற்றி விழுந்தன. அவற்றில் சில யாருடையவை என்பதும் நமக்குத் தெரியும்.

நாம் கேட்பது புதிதாக ஒன்றுமில்லை. சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிடப்பட வேண்டும் என்கிறது அது. தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019இல் திறந்த அகலமான நடைபாதை வளாகம் எப்படி இருக்கிறது என்று நம்மில் பலர் போய்ப் பார்த்து, உட்கார்ந்து, படம் எடுத்துக்கொண்டும் வந்திருக்கிறோம். அந்த நடைபாதையின் பாதி அகலம் இங்கே கிடைத்தால் போதும் என்று, படங்களோடும் வட்டங்களின் வரைபடத்தோடும், உரிய அலுவலகத்துக்கு மனு கொடுத்தோம். நான்காவது முறை போனபோது கோப்பு கிடைத்தது. இடிபாடுகளை அள்ளினார்கள், இரண்டு மேன்ஹோல் மூடிகளை மாற்றினார்கள். இரும்புக் கம்பம் இன்னும் நிற்கிறது. அது எந்தத் துறையுடையது என்று முடிவாகவில்லையாம்.

நெடுஞ்சாலையைக் கடக்கும் பிரச்சினை இதைவிடப் பெரிது. நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் சிக்னல் நேரத்தைப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். ஆசிரியை அம்மா அந்த வேகத்தில் கடைசியாக நடந்தது எப்போது என்று கேட்டோம். "பள்ளி ஆய்வாளர் வந்த அன்று" என்றார். முதியோர் கடக்கும் நேரத்தைக் கூட்டித் தரும்படி தனி மனு போயிருக்கிறது, பதில் வரவில்லை.

நல்ல செய்திகளும் இருக்கின்றன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. உலக வங்கி உதவியோடு நகரத்துக்கென்று திட்டமிட்ட 625 பேருந்துகளில் முதல் தவணை வடசென்னைக்குக் கிடைத்தது. எது வந்தாலும் தெற்கே போய்விட்டுத்தான் இங்கே வரும் என்று பழகிப்போன நமக்கு இது புதுமையாகத்தான் இருந்தது. துணைக்குழுவினர் ஒரு நாள் போய் ஏறிப் பார்த்தோம். படி இல்லை, சத்தம் இல்லை, முழங்கால் வலிக்காரர்கள் கையைப் பிடிக்காமல் ஏறினார்கள். ஆனால் நிறுத்தத்தில் நடைபாதையை ஒட்டிப் பேருந்து நின்றால்தான் தாழ்தளத்துக்குப் பயன் உண்டு. நடுவில் ஷேர் ஆட்டோக்கள் நின்றதால் நாங்கள் சாலையில் இறங்கிப் போய்த்தான் ஏறினோம்.

மின்சாரப் பேருந்து புகையே விடாது என்று துணைக்குழுவில் ஒருவர் பெருமையாகச் சொன்னபோது எண்ணூரிலிருந்து வந்திருந்த விருந்தினர் ஒருவர் மெல்லச் சிரித்தார். மின்சாரத்தில் பெரும் பங்கு நிலக்கரி எரித்து வருவது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளை அவர் தினமும் பார்க்கிறார். அவர் சொன்னது சரி. ஆனாலும் மின் மோட்டார் டீசல் எஞ்சினைவிட ஆற்றலை வீணாக்காமல் பயன்படுத்துகிறது. பள்ளிக்கூட வாசலில் குழந்தையின் மூக்குயரத்தில் புகை வருவதில்லை. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியையும் நாம்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், வடசென்னைக்காரர்கள் என்ற முறையில்.

பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அதனால் நம் மகளிர் அணி வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு அடிக்கடி போய்வருகிறது என்று பொருளாளர் கவலைப்படுகிறார். டிக்கெட்டில் மிஞ்சியது துணிக்கடையில் போகிறதாம். சென்ற செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியால் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்கலாம். இதைப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வகுப்பு நடத்தினோம். மாணவர்கள் பேரப்பிள்ளைகள்போல் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். சொந்தப் பேரப்பிள்ளைகள் இவ்வளவு பொறுமையாக இருப்பதில்லை என்று ஒரு தாத்தா வருத்தப்பட்டார்.

இனி லாரி. நகரப் போக்குவரத்தைத் தூய்மையாக்குவது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் காரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சிங்கப்பூர் 1975 முதலும், லண்டன் 2003 முதலும் நகர மையத்துக்குள் வரும் கார்களிடம் கட்டணம் வாங்குகின்றன. ஸ்டாக்ஹோம் 2006இல் சில மாதம் சோதனையாக வசூலித்தது. எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அடுத்த ஆண்டு அதை நிரந்தரமாக்கினார்கள். இவையெல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் நம் ஜன்னல் கம்பியில் படியும் கரி கார்களால் மட்டும் வரவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தை நோக்கி எஞ்சினை அணைக்காமல் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளால் வருகிறது.

இதற்கு நாம் பார்க்க வேண்டியது துறைமுக நகரங்களை. லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்கள் 2008 அக்டோபர் 1 முதல் 1989க்கு முந்தைய லாரிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பத் தொடங்கின. 2012க்குள் 2007ஆம் ஆண்டின் புகைத் தரத்துக்கு உட்பட்ட லாரிகள் மட்டும் உள்ளே வரலாம் என்று ஆக்கின. ஊர் முழுக்க லாரிகளைத் துரத்த வேண்டியதில்லை, எல்லா லாரியும் கடக்கும் ஒரே வாசலில் நின்றால் போதும். இந்த யோசனை துணைக்குழுவுக்கு மிகவும் பிடித்தது, நம் சங்கத்திலேயே ஒரு லாரி வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவரைத் தவிர. 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைத் தரத்தில் புது வண்டி வாங்கக் கடனுக்கு எங்கே போவது, பெரிய நிறுவனங்கள் தாக்குப்பிடிக்கும், நான் என்ன செய்வேன் என்று கேட்டார். அங்கேயும் சொந்த லாரி ஓட்டுநர்கள்தான் கடனில் சிக்கிக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆகவே நம் மனுவில் பழைய லாரிகளுக்குத் தடை கேட்கவில்லை. உள்ளே போகும் நேரத்தை லாரிகளுக்கு முன்கூட்டியே ஒதுக்குவது, காத்திருக்கும்போது எஞ்சினை அணைப்பது, புது வண்டிக்கு மாறுகிறவர்களுக்கு வட்டிச் சலுகை, ரயிலில் கூடுதல் கன்டெய்னர்கள் ஆகியவற்றைக் கேட்டிருக்கிறோம். மனுவின் கடைசி வரியை அந்த உறுப்பினரே எழுதிக் கொடுத்தார்.

ஒரு சிறு விலகல். நம் ஊர் வண்டிகள் செய்த ஊர். புல்லட் மோட்டார் சைக்கிள் 1956 முதல் திருவொற்றியூரில்தான் உருவானது. பேருந்துகளின் அடிச்சட்டம் எண்ணூரிலிருந்து போனது. அந்த வண்டிகளைச் செய்தவர்கள் வேலைக்குப் போனது சைக்கிளில். நான் சிறுவனாக இருந்தபோது ஆலைச் சங்கு ஊதியதும் நெடுஞ்சாலை முழுக்க சைக்கிள் மணி. இன்று அதே சாலையில் சைக்கிள் ஓட்டுவது துணிச்சல்காரர் வேலை ஆகிவிட்டது. நம் மாணவர்கள் மூவர் கல்லூரிக்குச் சைக்கிளில் போகிறார்கள். அவர்களின் தாய்மார்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

வரும் ஆண்டில் செய்ய நினைப்பவை: நிலையத்துக்கும் நம் தெருக்களுக்கும் இடையே ஒரு சிற்றுந்து கேட்டு கையெழுத்து இயக்கம்; பௌர்ணமி வெள்ளிக்கிழமைகளில் மேலூர், திருவொற்றியூர், திருமுல்லைவாயில் அம்மன்களை ஒரே நாளில் தரிசிக்கும் கூட்டத்துக்காக மூன்று கோயில்களையும் இணைக்கும் சிறப்புப் பேருந்து; அப்புறம் அந்த இரும்புக் கம்பம்.

பிப்ரவரியில் ஆசிரியை அம்மா முதன்முறையாக மெட்ரோவில் ஏறினார். நானும் துணைக்குச் சென்றேன். எழுநூறு மீட்டரை நடக்க எங்களுக்கு இருபத்தெட்டு நிமிடங்கள் ஆயின. இரண்டு இடங்களில் சாலையில் இறங்க வேண்டியிருந்தது. அங்கிருந்து உயர் நீதிமன்ற நிலையம் அதைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது.

இனி பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார். அதில் "சுண்ணாம்பு, இரண்டாம் முறை" என்று ஒரு வரி வரும். முதல் முறை போட்ட வட்டங்கள் மழையில் கரைந்துவிட்டதால் வாங்கியது அது. வாளியில் இன்னும் பாதி மீதம் இருக்கிறது.

இவண்,
செயலாளர்