வெற்று இடத்தில் பிறந்த பத்திரிகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் 'அனலாக்' அறிவியல் புனைகதை இதழ் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். அது 1960ல் தொடங்கியதாகப் போட்டிருக்கிறீர்கள். 1960ல் மாறியது பெயர்தான். 1930 ஜனவரியிலேயே 'அஸ்டவுண்டிங்' என்ற பெயரில் முதல் இதழ் வந்துவிட்டது.

அது வேறு, இது வேறு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பழைய வண்ணாரப்பேட்டையில் கம்பாசிடராக இருந்த காலத்தில், சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் மூர் மார்க்கெட்டுக்கு நடையைக் கட்டிவிடுவேன் (1985ல் எரிந்துபோனதே, அந்தப் பழைய மார்க்கெட்). அங்கே கிடைத்த 1960ஆம் வருட இதழ் ஒன்றின் அட்டையில் இரண்டு பெயரும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மிஷின்காரர் கோட்டை விட்டுவிட்டார் என்று சிரித்தேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது: வாசகர் மிரளாதபடி பழைய பெயரைச் சில மாதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கவிட்டிருக்கிறார்கள். இரண்டு பெயருக்கும் முதல் எழுத்து 'ஏ' என்பது வசதியாகப் போயிற்று.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று, அச்சகத்தில் வேலை பார்த்தவனுக்கு ரொம்பப் பிடித்தது. அந்த இதழ் பிறந்ததே காகிதத்தை வீணாக்கக் கூடாது என்றுதான். முதல் ஆசிரியர் ஹாரி பேட்ஸ் பின்னாளில் சொன்னது இது. முதலாளி கிளேட்டனிடம் 13 பத்திரிகைகள் இருந்தன. அட்டைகளைச் சேர்த்து அடிக்கும் பெரிய தாளிலோ 16 அட்டைக்கு இடம். மூன்று இடம் மாதாமாதம் வெறுமனே போனது. சரி, புதிதாக ஒன்றைத் தொடங்கினால் அட்டைச் செலவு மிச்சம்தானே! கல்யாணப் பத்திரிகை வெட்டியதில் மிஞ்சிய துண்டில் விசிட்டிங் கார்டு போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள். அந்தக் கணக்கு எங்களுக்குப் புரியும்.

போர்க்காலத்தில் காகிதம் கிடைக்காமல் 1943 நவம்பரில் இதழ் கையடக்கமாகச் சுருங்கியதும் இதே கதைதான். 1937லிருந்து 1971ல் இறக்கும்வரை ஆசிரியராக இருந்த ஜான் கேம்ப்பெல்லைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள், அதில் குறையில்லை. காகிதத்துக்கும் இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அந்த 1960 இதழ் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. படம் எடுத்துப் போட வேண்டுமானால் நானே கொண்டுவருகிறேன். இரவல் மட்டும் தரமாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய கம்பாசிடர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81