நேரச்சீட்டும் அதில் உள்ள மணியும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வரும் ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையின் முதல் சனிக்கிழமையிலிருந்து, எங்கள் கிளிநொச்சிப் பூங்காவில் படகு ஊஞ்சலுக்கும் பற்றரிக் கார்களுக்கும் நாங்கள் கொடுக்கும் நேரச்சீட்டில் எந்த மணி அச்சாகியிருக்கிறதோ, அந்த மணிக்குள் வருபவர்களை மட்டுமே விரைவு வழியில் விடுவோம். 5 நிமிடம் முந்தினாலும் 15 நிமிடம் பிந்தினாலும் பொறுத்துக்கொள்வோம். அதற்கு மேல் பிந்தினால் சீட்டு செல்லாது. பொது வரிசையில் நின்று ஏறலாம். அறிவித்தல் இவ்வளவுதான். அவசரக்காரர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். "இதென்ன புதிய கெடுபிடி?" என்று முகம் சுளிப்பவர்களுக்காகவே மீதியை எழுதுகிறோம்.

முதன்முறை வரப்போகிறவர்களுக்கு ஒரு விளக்கம். நேரச்சீட்டுக்குக் காசு இல்லை. நுழைவுச்சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்ததும், இடப்பக்கம் இருக்கும் இயந்திரத்தில் அதைக் காட்டினால் ஒரு சிறிய கடதாசித் துண்டு வரும். "படகு ஊஞ்சல், 10.00 - 11.00" என்பது போல அதில் அச்சாகியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் எப்போது வந்தாலும் நீண்ட வரிசையில் நிற்காமல் பக்கத்தில் உள்ள விரைவு வழியால் ஏறிவிடலாம். அதுவரை பிள்ளைகளைச் சறுக்குமரத்தில் விடலாம். பாலை மரத்தடியில் பாயை விரித்துச் சோற்றுப் பொதியை அவிழ்க்கலாம். உங்களுக்குப் பதிலாக அந்தத் துண்டு வரிசையில் நிற்கிறது.

இதுவரை சீட்டின் தொடக்க நேரத்தை மட்டுமே வாயிலில் பார்த்து வந்தோம். முடிவு நேரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூங்கா புதிது, சீட்டு முறையும் ஊருக்குப் புதிது, சனம் பழகட்டும் என்று விட்டிருந்தோம். பழகிவிட்டார்கள். தேவைக்கு அதிகமாகவே பழகிவிட்டார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு படகு ஊஞ்சலின் வாயிலில் நின்று பார்த்தால் தெரியும். ஒரு தகப்பனார் பணப்பையைத் திறந்து நான்காக மடித்த சீட்டுகளை எடுக்கிறார். வியர்வையில் மை கலங்கி, மணி சரியாகத் தெரியவில்லை. வாயிலில் நிற்கும் தம்பி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது பத்து மணிச் சீட்டு" என்கிறான். "அதுதான் தம்பி, பத்து மணிக்குப் பிறகுதானே வந்திருக்கிறேன்" என்கிறார் அவர். தர்க்கத்தில் பிழை காண முடியாது. அவருக்குப் பின்னால் இன்னும் சில குடும்பங்கள் அதே தர்க்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கின்றன. மறுபக்கம் பொது வரிசை தகரக் கூரையின் நிழலைத் தாண்டி வெயிலுக்குள் நீண்டு கிடக்கிறது. முல்லைத்தீவிலிருந்து மதியம் வந்து சேர்ந்தவர்கள், மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள், சீட்டு முடிந்துவிட்டது என்று இயந்திரம் கைவிரித்ததால் பொது வரிசைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதில்தான் நிற்கிறார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டுதான் பத்து மணிச் சீட்டு உள்ளே போகிறது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். படகில் ஒரு தடவைக்கு 20 பேர் ஏறலாம். ஏற்றி, பட்டி பூட்டி, ஆட்டி, இறக்கி முடிக்க 6 நிமிடம். ஆக, மணிக்கு 10 தடவை, 200 இருக்கை. அதில் 120 இருக்கையை நேரச்சீட்டுக்கு ஒதுக்கிவிட்டு, 80 இருக்கையைப் பொது வரிசைக்கு வைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் தம் மணிக்கு வந்தால், பொது வரிசையில் 40 பேருக்குப் பின்னால் நிற்பவர் அரை மணி நேரத்தில் ஏறிவிடுவார். இப்போது 10 மணி, 11 மணி, 12 மணிச் சீட்டுக்காரர்களில் நான்கில் ஒரு பகுதியினர், அதாவது 90 பேர், வெயில் தணியட்டும் என்று இருந்துவிட்டு 4 மணிக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மணிச் சீட்டுக்காரர் 120 பேர் ஏற்கெனவே வந்திருக்கிறார்கள். மொத்தம் 210. இருக்கையோ 200. சீட்டுக்காரர்களை எல்லாம் முதலில் ஏற்றினால் பொது வரிசை ஓர் அடிகூட நகராது. சரியான நேரத்துக்கு வந்த நேரச்சீட்டுக்காரரும் விரைவு வழியில் வரிசை கட்டுவார். அப்புறம் அதற்கு விரைவு வழி என்று பெயர் எதற்கு?

காலையிலும் இதன் விளைவு உண்டு. 11 மணி, 12 மணிச் சீட்டுகள் எல்லாம் போய்விட்டதால், அதற்குப் பிறகு வந்த தாய்க்கும் பிள்ளைக்கும் இயந்திரம் 1 மணிச் சீட்டைத்தான் கொடுத்தது. ஆனால் 11 மணிக்குப் படகு காலி இருக்கைகளுடன் ஆடியது. மின்சாரக் கட்டணம் படகில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இந்தச் சிக்கல் நாங்கள் கண்டுபிடித்ததல்ல. உலகத்தின் பெரிய பூங்காக்களே இதில் மாட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 1999-ஆம் ஆண்டு ஃபாஸ்ட்பாஸ் என்ற முறை வந்தது. நுழைவுச்சீட்டை இயந்திரத்தில் செருகினால் ஒரு மணி நேர அவகாசம் அச்சிட்ட துண்டு வரும். அங்கும் அது இலவசம்தான். அங்கும் வாயிலில் நின்றவர்கள் பல ஆண்டுகளாக முடிவு நேரத்தைக் கண்டுகொள்ளவில்லை. அடிக்கடி போகிறவர்களுக்கு இந்த இரகசியம் தெரியும். காலையிலிருந்து சீட்டுகளைச் சேர்த்து வைத்து, மாலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறித் தள்ளுவார்கள். வாழ்நாளில் ஒருமுறை வரும் குடும்பமோ துண்டில் அச்சிட்டதை அப்படியே நம்பி, பிந்திவிட்டோமே என்று சீட்டை வீசிவிட்டுப் போகும். 2012 மார்ச் 7 முதல் டிஸ்னி அங்கு நேரத்தைக் கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கியது. 5 நிமிடம் முன், 15 நிமிடம் பின் என்ற சலுகையும் அங்கிருந்து நாங்கள் எடுத்ததுதான்.

அடுத்த ஓரிரு ஆண்டில் அங்கு கடதாசி போய், கைப்பட்டி வந்தது. வாயிலில் உள்ள கருவியில் கைப்பட்டியை வைத்தால், நேரம் சரியென்றால் பச்சை வெளிச்சம். சரியில்லையென்றால் சிவப்பு அல்ல, நீலம். வந்தவரின் மனம் நோகக்கூடாது என்று நிறத்தைக்கூட யோசித்திருக்கிறார்கள். எங்களிடம் நீல வெளிச்சம் இல்லை. இருபது வயதுகூட ஆகாத ஒரு தம்பி நிற்கிறான். மறுப்பதும் அவன் வாயால்தான், ஏச்சு வாங்குவதும் அவன்தான். இன்று ஒருவரை விட்டுவிட்டு நாளை இன்னொருவரை மறித்தால், "அவர் உனக்குச் சொந்தமா?" என்ற கேள்வி வரும். ஊர் சிறியது, பெரும்பாலும் சொந்தமாகவும் இருந்துவிடும். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் அவனுக்கு நிம்மதி.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்களுக்கு இதை நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். உங்கள் முறையில் வரம்பைக் கட்டாமல் இருந்துவிட்டு, அடுத்தவர் முறையில் மடையைத் திறந்தால், தண்ணீர் முறையைப் பார்க்கும் வட்டவிதானை சும்மா இருப்பாரா? நீங்கள் எடுக்காமல் விட்ட தண்ணீர் வாய்க்காலில் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்காது. 10 மணிக்கு ஆடிய படகின் காலி இருக்கையும் அப்படித்தான்.

சிலர் சிங்கப்பூரைக் காட்டுகிறார்கள். அங்குள்ள யுனிவர்சல் ஸ்டூடியோவில் எக்ஸ்பிரஸ் பாஸை வாங்கினால் நேரமே பார்ப்பதில்லையே என்கிறார்கள். உண்மைதான். அது நுழைவுக் கட்டணத்துக்கு மேல் தனியாகக் காசு கொடுத்து வாங்குவது. விலையே கூட்டத்தைக் குறைத்துவிடுகிறது. பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்குள்ள டிஸ்னிலாண்டில் இலவச ஃபாஸ்ட்பாஸ் நின்றுபோய், 2021 முதல் வரிசையைத் தாண்டக் காசு கட்ட வேண்டும். புளோரிடாவிலும் அதே ஆண்டு அக்டோபரில் காசு முறை வந்துவிட்டது. எங்களுக்கும் அந்த யோசனையைச் சொன்னவர்கள் உண்டு. வேண்டாம் என்று முடிவெடுத்தோம். நெல்லு விற்ற காசில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருபவரும், யூரோவுடன் வருபவரும் ஒரே படகில் ஒரே காத்திருப்புக்குப் பிறகு ஏற வேண்டும் என்பது எங்கள் விருப்பம். இலவசமாகக் கொடுப்பதைப் பங்கிட நேரத்தைத் தவிர வேறு அளவுகோல் எங்களிடம் இல்லை.

விதிவிலக்குகள் உண்டு. மின்சாரம் போய், ஜெனரேட்டர் எடுப்பதற்குள் உங்கள் மணி கழிந்துவிட்டால், அந்தச் சீட்டு அன்று பூங்கா மூடும்வரை செல்லும். இடிமின்னலுக்காக நாங்கள் ஊஞ்சலை நிறுத்தினாலும் அப்படியே. நிற்பது எங்கள் பக்கத்தால் என்றால் நட்டமும் எங்கள் பக்கம்தான். கைக்குழந்தையுடன் வரும் பெற்றோரில் ஒருவர் ஏறிவிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொள்ள, மற்றவர் அதே சீட்டில் உடனே ஏறலாம்.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும், செயற்கைக் கால் பொருத்தியவர்களுக்கும், நெடுநேரம் நிற்கவோ சத்தத்தைத் தாங்கவோ முடியாத பிள்ளைகளுக்கும் கொடுக்கும் சீட்டில் தொடக்க நேரம் மட்டுமே இருக்கும்; முடிவு நேரம் இருக்காது. அந்த நேரத்துக்குப் பிறகு எப்போது வந்தாலும் ஏறலாம். டிஸ்னியும் 2013 அக்டோபரில் கொண்டுவந்த மாற்றுத்திறனாளிகளுக்கான முறையில் முடிவு நேரம் வைக்கவில்லை. உடம்பு மணிக்கூட்டுக்குக் கட்டுப்படாது என்பது காரணம். போரைக் கண்ட இந்த மண்ணில் அதற்கு விளக்கம் தேவையில்லை. யாரிடமும் மருத்துவச் சான்றிதழ் கேட்க மாட்டோம். அலுவலகத்தில் சொன்னால் போதும். கூட வரும் குடும்பத்தினரும் அதே சீட்டில் ஏறலாம்.

பாடசாலைச் சுற்றுலாவைக் கூட்டி வரும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வகுப்பின் நுழைவுச்சீட்டுகளை எல்லாம் ஒருவரே கொண்டுவந்து இயந்திரத்தில் ஒவ்வொன்றாகக் காட்டி, படகுக்கும் காருக்கும் சேர்த்துச் சீட்டெடுத்து வைப்பது இனி நடக்காது. ஒருவர் கையில் ஒரு நேரத்தில் ஒரு சீட்டுத்தான். அதன் நேரம் தொடங்கிய பிறகே அடுத்ததை இயந்திரம் கொடுக்கும். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கி, பஸ் புறப்படப் பிந்திவிடுமே என்று பயப்பட வேண்டாம். பூங்காவுக்குள் வந்த பிறகுதான் சீட்டு எடுப்பீர்கள், ஆகவே வழியில் ஆகும் தாமதம் உங்கள் மணியைத் தின்னாது. 40 பிள்ளைகளுக்கு மேல் வருவதென்றால் முதல் நாளே தொலைபேசியில் சொல்லுங்கள். வகுப்புக்கென்று ஒரு மணியைத் தனியாக ஒதுக்கித் தருகிறோம்.

கணக்குக்கு எடுப்பது வாயிலுக்கு மேல் தொங்கும் பெரிய மணிக்கூட்டின் நேரத்தை. ஒவ்வொரு மணியும் முடிவதற்கு 10 நிமிடம் முன்பு தமிழிலும் சிங்களத்திலும் ஒலிபெருக்கியில் அறிவிப்போம். சாப்பாட்டுப் பொதியின் நடுவில் கேட்டால் கையைக் கழுவிக்கொண்டு வரப் போதிய நேரம் இருக்கும். 15 நிமிடச் சலுகையும் இருக்கிறது. மை கலங்காத தாளுக்கும் சொல்லியிருக்கிறோம். வெயில்தான் உங்கள் கவலை என்றால், காலையில் வந்ததும் சீட்டெடுக்க ஓடாமல், சறுக்குமரத்தில் கொஞ்ச நேரம் கழித்துவிட்டு எடுங்கள். இயந்திரம் தரும் மணி தானாகவே பின்னால் போகும். பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் பொது வரிசையே பெரும்பாலும் குட்டையாகத்தான் இருக்கும், சீட்டில்லாமலே ஏறிவிடலாம். இதை வெளியே சொன்னால் அந்த வரிசையும் நீண்டுவிடும் என்று எங்கள் காசாளர் எச்சரிக்கிறார். வாடிக்கையாளர்களிடம் மறைக்க விருப்பமில்லை.

மறுக்கப்பட்டவர்களுக்குக் கோபம் வந்தால் வாயிலில் நிற்கும் பிள்ளைகளுடன் வாக்குவாதப்பட வேண்டாம். அலுவலகத்துக்கு வாருங்கள், ஏச வேண்டியதை எங்களை ஏசுங்கள், தேநீரும் தருகிறோம். சீட்டு மட்டும் மாறாது.

விடுமுறையின் அந்த முதல் சனிக்கிழமை வரும்வரை இப்போதைய நடைமுறையே தொடரும். எந்தச் சீட்டும் அச்சிட்ட நாளுக்கு மட்டுமே உரியது என்பது முன்பே இருந்த விதி. சித்திரை வருடப்பிறப்பன்று எடுத்த சீட்டை வைகாசியில் கொண்டுவந்த ஐயா இதை வாசித்தால், அது தங்களைப் பற்றியதுதான் என்று தெரிந்துகொள்ளவும்.

அன்புடன்,
பூங்கா நிர்வாகத்தினர்
ஏ9 வீதி, கிளிநொச்சி