செல்வி அக்காவுக்கு, காசு விஷயமாக

அன்புள்ள செல்வி அக்கா,

உங்கள் சமையல் வலைப்பூவில் விளம்பரம் போடலாமா, மாதம் ஏதாவது கைக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. சமையல், கோயில், பயணம் என்று தமிழில் வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கும் பலருக்கும் இதே கேள்வி இருக்கிறது, அதனால் உங்கள் சம்மதத்தோடு பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதல் விஷயம், காசு எதிர்பார்ப்பது தப்பே இல்லை. "நாலு பேருக்கு உபயோகமா இருந்தா போதும்ப்பா, இதுக்குப் போய் காசு வாங்குறதா" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே டொமைன் (வலைப்பூவின் இணைய முகவரி) புதுப்பிக்கிற மாசம் கையைக் கடிக்குது என்றும் சொன்னீர்கள். ஒரு பதிவு போடுவதற்கு முன்னால் அந்தச் சமையலைத் திரும்பச் செய்து பார்க்கிறீர்கள். தேங்காய் உங்கள் காசு, கேஸ் உங்கள் காசு, மும்பை சயான் கோலிவாடா வீட்டில் வெளிச்சம் வருகிற ஒரே ஜன்னலில் தட்டை வைத்துப் படம் எடுக்கிற நேரமும் உங்களுடையது. இதற்குக் கூலி கேட்கக் கூச்சப்பட என்ன இருக்கிறது? யாரிடம் கேட்பது என்பதில்தான் எனக்கு உறுதியான கருத்து உண்டு. விளம்பரக்காரர்களை விடுங்கள், உங்களைப் படிக்கிறவர்களிடம் நேராகக் கேளுங்கள்.

நான் லோயர் பரேலில் விளம்பர இடம் வாங்கிக் கொடுக்கிற வேலையில் இருப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நம் பக்கத்தில் கூகுளே விளம்பரம் போட்டு வருகிற காசில் நமக்கும் பங்கு தருகிற கூகுள் ஆட்சென்ஸ் 2003-இல் வந்தது, தமிழ்ப் பக்கங்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது 2018-இல்தான். உங்கள் பக்கத்தை ஒருவர் திறக்கிற அந்தக் கண நேரத்தில் பின்னால் ஒரு ஏலம் நடக்கிறது, அதிகம் கேட்டவரின் விளம்பரம் வந்து உட்காருகிறது. வீட்டுக் கடன், காப்பீடு என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஏலத்தில் கூட்டம் அள்ளும். தமிழில் ஒரு கூட்டாஞ்சோறு பதிவுக்கு ஏலம் கேட்க வருகிற விளம்பரக்காரர்கள் கொஞ்சப் பேர், அவர்கள் கேட்கிற விலையும் கொஞ்சம். ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 டாலர் சேர்ந்தால்தான் பணத்தை அனுப்புவார்கள், அதற்கு இரண்டு லட்சம் பார்வை வேண்டும். உங்கள் பக்கத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் போட்டுத்தான் பார்ப்பேன் என்றால் சரி, தடுக்கவில்லை. 10 டாலர் சேர்ந்ததும் ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் வீட்டுக்கு அனுப்புவார்கள், அதைப் பதிந்தால்தான் பணம் நகரும், ஆகவே முகவரியில் கட்டடத்தின் விங் எழுத்து, மாடி, கதவு எண் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். தேங்காய்ப்பாலில் செய்கிற சொதி பற்றிய உங்கள் பதிவைப் படிப்பவர் அடுப்பு பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, தேங்காய்ப்பால் வழிகிற விரலின் புறத்தால் திரையைத் தள்ளுகிறார். மூன்றாம் பாலில் காய் வெந்தாச்சு, இரண்டாம் பால் ஊற்றியாச்சு, முதல் பாலை எப்போது ஊற்ற வேண்டும் என்று தேடுகிற நேரத்தில் நடுவில் ஒரு பட்டை விளம்பரம் குதித்து வரியைக் கீழே தள்ளிவிடுகிறது. முதல் பால் கொதித்தால் திரிந்துபோகும் என்ற உங்கள் எச்சரிக்கை அதற்கும் கீழே போய்விடுகிறது. அந்தச் சில பைசாவுக்காக அவருடைய சொதி கெட வேண்டுமா?

அடுத்தது, நீங்கள் எனக்கு அனுப்பி வைத்த அந்த மெயில். பழைய பதிவு ஒன்றில் சத்தமில்லாமல் ஒரு ரம்மி தளத்தின் இணைப்பைச் சேர்த்தால் பணம் தருகிறோம் என்கிறார்களே, அதற்குப் பதில்கூட எழுதாதீர்கள். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையும் அவற்றுக்கான விளம்பரத்தையும் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. விளம்பரம் செய்தவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். சட்டமே இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் பதிவுகளை நம்பிப் படிக்கிற வீடுகளில் ரம்மியில் பணத்தைத் தொலைத்த பிள்ளைகள் இருப்பார்கள் அக்கா. இதில் எனக்குக் கோபமே வருகிறது.

காசு கொடுத்துப் பதிவு எழுதச் சொல்லி உங்களிடம் கேட்டிருக்கிற சத்துமாவுக் கம்பெனிக்காரர்கள் விஷயம் வேறு. அவர்கள் நாணயமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் 'எங்கள் வீட்டில் தினமும் இதுதான்' என்று எழுதச் சொல்கிறார்கள், நீங்கள் அதை வாங்கியதே இல்லை. விளம்பரத் தர நிர்ணயக் குழுவான ஆஸ்கி 2021-லேயே விதி போட்டுவிட்டது, காசோ பொருளோ வாங்கிக்கொண்டு எழுதினால் அதைப் படிப்பவர் கண்ணில் படுகிற மாதிரி சொல்ல வேண்டும். பதிவின் தலையிலேயே 'இது விளம்பரம்' என்று தமிழில் போட்டுவிடுங்கள், அடியில் பொடி எழுத்தில் வேண்டாம். மிக்ஸி, குக்கர் என்று இலவசமாக வந்து நீங்களே வைத்துக்கொண்டால், ஒரே கம்பெனியிடமிருந்து வருடத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போகும்போது வரிப் பிடித்தமும் உண்டு, 2022 ஜூலையிலிருந்து இந்த விதி இருக்கிறது.

சரி, அப்புறம் காசு எங்கிருந்துதான் வரும்?

உளுந்தம்பருப்பு சோறு பற்றி நீங்கள் எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சோற்றுக்குச் செய்முறை இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் தொலி நீக்காத உளுந்துக்கு இங்கே கிரானா (மளிகை) கடையில் 'உடத் சில்கா' என்று கேட்க வேண்டும், உடைத்ததா என்று பார்த்து வாங்க வேண்டும், பழைய சரக்கென்றால் வறுக்கும்போது வாசனையே வராது, மழைக்காலத்தில் வாங்கியதை டப்பாவில் போடும் முன் வெறும் சட்டியில் ஒரு சூடு காட்ட வேண்டும் என்றெல்லாம் எழுதியது நீங்கள் மட்டும்தான். வெந்தயம் எவ்வளவு, பூண்டு எவ்வளவு, எள்ளுத் துவையலுக்குப் புளி எந்தப் பதத்தில் என்று கீழே வந்து கேட்கிறவர்கள் யார் என்று பாருங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி காந்திவிலிக்கும் டோம்பிவிலிக்கும் வந்த பெண்கள், துபாயில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் பையன்கள். பெரிய பெண்ணான மகளுக்கு இந்தச் சோறு பொங்கிப் போட வேண்டும், பக்கத்தில் சொல்லித்தர அம்மா இல்லை என்பவர்கள். இவர்கள் உங்களுக்குக் காசு கொடுப்பார்கள், சந்தோஷமாகவே கொடுப்பார்கள், யாரும் அவர்களிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, வகுப்பு நடத்துங்கள். சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், வீடியோவில், பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். முதல் வகுப்பு மறுவீட்டுச் சொதி விருந்தாகவே இருக்கட்டும். சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், மூன்றையும் சின்ன அடுக்களையில் எந்த வரிசையில் செய்தால் சூடு ஆறாமல் பரிமாறலாம் என்பது எழுத்தில் முழுதாக வராது, பார்த்தால் புரியும். ஆளுக்கு 300 ரூபாய், யூபிஐயில் முன்கூட்டியே. தெரிந்தவர் என்று யாருக்கும் சும்மா விடாதீர்கள், விட்டால் அடுத்த மாதம் எல்லாரும் தெரிந்தவர் ஆகிவிடுவார்கள். பன்னிரண்டு பேர் என்றால் 3,600 ரூபாய், விளம்பரத்தில் இதை எட்ட எவ்வளவு பார்வை வேண்டும் என்று மேலே போட்ட கணக்கிலேயே தெரியும்.

இட்லிப் பொடி, பருப்புப் பொடி விற்கலாமே என்று அத்தான் சொன்னதாகச் சொன்னீர்கள். நல்ல யோசனைதான், ஆனால் இப்போது வேண்டாம். வீட்டில் செய்து விற்கவும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யில் பதிவு வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, மும்பையிலிருந்து ஒரு பொட்டலம் சென்னைக்குப் போனால் அது மாநிலம் விட்டு மாநிலம் பொருள் விற்பது, தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு செய்தாக வேண்டும். வகுப்பு சேவைக் கணக்கில் வருவதால் வருடம் 20 லட்சம் வரை அந்தத் தொல்லை இல்லை. வருகிற பணத்துக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, செலவை எழுதி வைக்க ஒரு நோட்டு, வருமான வரிக் கணக்கில் மறைக்காமல் காட்டுவது, இது போதும்.

கூடவே ஒரு மின்னூல். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் நூல்கள் இருக்கின்றன, பதிப்பிக்கச் செலவு கிடையாது, ராயல்டி, அதாவது விற்பனையில் உங்கள் பங்கு, நீங்கள் எடுக்கும் திட்டத்தைப் பொறுத்து 35 அல்லது 70 சதவீதம். பழைய பதிவுகளை அப்படியே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், யாரும் வாங்க மாட்டார்கள். மும்பைச் சரக்கை வைத்து நெல்லைச் சமையல் என்று ஒரே பொருளில், அளவுகளையெல்லாம் நாலு பேருக்கு என்று ஒழுங்குபடுத்தி எழுதுங்கள்.

இன்னொன்றும் அவசரம். கூகுள் தேடலில் இணைப்புகளுக்கு மேலேயே பதிலைச் சுருக்கித் தருவது 2024-இல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. தேடி வருகிறவர்கள் குறையலாம், உங்களைத் தேடியே வருகிறவர்கள் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவின் கீழும் வாட்ஸ்அப் சேனல் இணைப்பைப் போடுங்கள், வகுப்பு அறிவிப்பை முதலில் அங்கேதான் சொல்ல வேண்டும். பதிவுகள் இலவசமாகவே இருக்கட்டும், அதை மூடினால் புதிதாக யாரும் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது.

தேதியை இந்த வாரமே முடிவு செய்து எனக்குச் சொல்லுங்கள். அறிவிப்புப் படத்தை ஆபீஸ் முடிந்து வந்து நானே செய்து தருகிறேன். முதல் வகுப்புக்கு என் வீட்டுக்காரி பெயரை எழுதிக்கொள்ளுங்கள், 300 ரூபாய் அனுப்பிவிடுகிறாள், தம்பி பெண்டாட்டி என்று திருப்பி அனுப்பக் கூடாது.

அன்புடன்,
தம்பி, செம்பூர்